வெறுங்கை ஆட்டம்

சுடலைமணியின் கிழக்கு வாயில் விழுந்தபோது களமனையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆட்டக் களத்தைக் கண்முன் விரித்துக் காட்டும் களக்கண்ணாடியை ஜெசிந்தா கழற்றவில்லை. எரிகிற கோட்டையை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவளுடைய குதிரைப்படை அகழியைக் கடந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மதில் உச்சியில் சுடலைமணியின் கருநீலக் கொடி சாய்ந்து, பாதி வழியில் ஒரு கல்லில் சிக்கிக்கொண்டு, பிறகு மனமில்லாமல் விழுந்தது. சனிக்கோளின் நிலவில் கழித்த பதினான்கு ஆண்டுகளில் அந்தக் கொடியை அவள் மனதுக்குள் எத்தனையோ முறை வீழ்த்தியிருக்கிறாள். அது பாதியில் சிக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. நிஜத்தில் நடப்பதற்குத்தான் இப்படி ஒரு கோணல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உப்புக்காரி! உப்புக்காரி!"

கூட்டம் அவளுடைய பழைய பெயரைக் கூவியது. முற்றுகை ஆட்டத்தில் மற்றவர்கள் மதிலைப் பார்ப்பார்கள், யானையைப் பார்ப்பார்கள். ஜெசிந்தா எதிராளியின் உப்புக் கிடங்கைத்தான் முதலில் தேடுவாள். உப்புத் தீர்ந்த படையில் இறைச்சி கெடும், குதிரை சோரும், காலாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். மதிலில் ஒரு கல்கூடப் பெயராமல் கோட்டை தானாக வாயைத் திறக்கும். தூத்துக்குடிக்காரிக்கு வேறு எப்படி ஆடத் தெரியும் என்று அந்தக் காலத்தில் கேலியும் பெருமையுமாகச் சொல்வார்கள்.

களக்கண்ணாடியையும் கையுறைகளையும் கழற்றி வைத்தாள். எதிர் இருக்கையிலிருந்து சுடலைமணி எழுந்து வந்தான். தொப்பை விழுந்து, மீசை நரைத்து, நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது. சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"நல்லா ஆடுன ஜெசி. அதே உப்பு, அதே ருசி."

"நீயும் மோசமில்ல மணி."

"பின்ன? இந்த மாசத்து வீரனாக்கும் நான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பில் வலியே இல்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்தாளே தவிர, அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. யாரோ அவள் தோளில் மாலை போட்டார்கள். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்க, இவங்கதான்" என்றார்கள்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், மாநில இறுதி ஆட்டத்தில், வடக்குப் பாலத்தைக் காவலில்லாமல் விட்டுவிட்டு அவள் சுடலைமணியிடம் தோற்றாள். அடுத்த வாரமே டைட்டன் நிலவுக்குப் போகும் கலத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நல்ல சம்பளம் என்று ஊர் நம்பியது. மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரியிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதுதான் காரணம்.

டைட்டனில் மீத்தேன் ஏரிகளின் கரையில் இறைப்பான்களைப் பராமரிக்கும் வேலை. ஆரஞ்சு நிற மூட்டம். பேச்சில்லாத நாட்கள். பூமிக்கு ஒரு சொல் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அங்கிருந்து யாருடனும் ஆட முடியாது. அவளே இரண்டு பக்கமும் ஆடினாள். வலக்கை ஜெசிந்தா, இடக்கை சுடலைமணி. ஊர்ச் செய்திகளில் முற்றுகை என்ற சொல் வந்தாலே திரையை அணைத்துவிடுவாள். தன் தோல்வியைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை. பெருமைக்காரிக்கு அது ஒரு நோய் மாதிரி.

அந்த நோய் இன்றோடு தீர்ந்தது. களமனையை விட்டு வெளியே வந்து கடற்காற்றில் நின்றாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

சாயங்காலம் தம்பி லாம்பர்ட்டின் வீட்டில் சீலா மீன் குழம்பு. லாம்பர்ட்டுக்கு இந்தக் கொண்டாட்டம் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. அக்காவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, அவள் ஜெயித்துக் கொண்டுவந்திருந்த கேடயத்தை எங்கே வைப்பது என்று அலமாரியைப் பார்த்தான்.

அப்போதுதான் ஜெசிந்தாவும் அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டில் கேடயங்கள் வரிசையாக இருந்தன. ஊர் திரும்பிய இந்த ஒரு மாதத்தில் அவற்றை ஏதோ அலங்காரப் பொருள் என்றுதான் நினைத்திருந்தாள். இன்று அதே மாதிரி ஒன்று தனக்கும் கிடைத்திருந்தது.

"ஏல லாம்பு, இதெல்லாம் யாருக்குள்ளது?"

"என்னுதுதாங்கா."

"எதுக்குக் குடுத்தாவ?"

"ஜெயிச்சதுக்கு."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் லாம்பர்ட்டுக்குக் கோட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தன் படையைத் தன் அகழியிலேயே இறக்கி மூழ்கடித்தவன்.

"நீயா? யாரை ஜெயிச்ச?"

"ஏன், நான் ஜெயிக்கக் கூடாதா? சுடலைமணி அண்ணாச்சியைத்தான். ரெண்டு மட்டம்."

ஜெசிந்தாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"நான்கூட ஒரு மட்டம் அவுகளை ஜெயிச்சிருக்கேன்," என்றாள் லாம்பர்ட்டின் மனைவி ரோசிட்டா, ரசக் கரண்டியோடு. "சின்னவ கைக்குழந்தை அப்போ. மடியில போட்டுப் பால் குடுத்துக்கிட்டே ஆடினேன். பாவம், அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாவ."

யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கையாக அவள் அதைச் சொல்லவில்லை.

"அது எப்படி முடியும்?" என்றாள் ஜெசிந்தா.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயில் எப்படித் தண்ணீர் வருகிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் இருந்தது அது.

"சமன்பொறிக்கா," என்றான் லாம்பர்ட். "ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் கலமேறிய அதே ஆண்டு அது வந்திருக்கிறது. கையுறை விரலின் நரம்பைப் படிக்கிறது. விரல் அசைவதற்கு முன்பே அது என்ன செய்யப்போகிறது என்று பொறிக்குத் தெரிந்துவிடும். கெட்டிக்காரனின் கட்டளையை ஓர் இமைப்பொழுது பிடித்து நிறுத்தும். எதிராளியின் நிலத்தை மறைத்திருக்கும் பனித்திரையை, ஆடத் தெரியாதவனுக்குக் கொஞ்சம் முன்னதாக விலக்கிக் காட்டும். விலகியதும் அவனுக்கு அது தன் மூளையில் பளிச்சிட்ட யோசனையாகவே தோன்றும். யார் ஆடினாலும் வெற்றி பாதி, தோல்வி பாதி. தோல்வியும் மயிலிறகால் தடவின மாதிரி இருக்கும். முற்றுகையில் ஆரம்பித்து, கபடிக்காரர்களின் காலணியில், கேரம் பலகையின் அடியில், பள்ளிக்கூடத்து ஓட்டப் பாதையில், பரீட்சை எழுதும் பலகையில் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது.

"நேத்துவரைக்கும் நீ கேக்கவே இல்லயே," என்றான் லாம்பர்ட், கொஞ்சம் குற்ற உணர்வோடு.

ஜெசிந்தா மத்தியான ஆட்டத்தை நினைத்துப் பார்த்தாள். கிழக்கு வாயில் பலவீனமாக இருக்கிறது என்று ஒரு நொடியில் மின்னல்போலத் தோன்றியதே, அது யாருடைய மின்னல்? அந்த யோசனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னுடையது போலத்தான் இருந்தது. எந்தப் பக்கத்திலும் இன்னொருவரின் விரல் அடையாளம் இல்லை.

"ஏல, அப்போ என்னைய ஒப்புக்குச் சப்பாணியா சேத்திருக்கீய!"

தெருவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, விவரம் தெரியாத பொடிசு ஒன்று தானும் வருவேன் என்று அழும். அழுகையை நிறுத்துவதற்காக அதைச் சேர்த்துக்கொள்வார்கள். அதைத் தொட்டாலும் அவுட் இல்லை, அது தொட்டாலும் அவுட் இல்லை. அது மட்டும் தான் ஆடுவதாக நினைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடும். அந்தப் பொடிசுக்குத்தான் அந்தப் பெயர்.

"நீ மட்டுமா அக்கா? எல்லாரும்தான்," என்றாள் ரோசிட்டா. "எல்லாரும் சப்பாணின்னா அப்புறம் யாரும் சப்பாணி இல்லல்லா."

ரோசிட்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் வேலைக்குச் சேந்தப்போ எங்கள்ட்ட ஒரு வார்டு இருந்துச்சு. பரீட்சையில தோத்தது, ஆட்டத்துல தோத்தது, எல்லாம் அங்கதான் வரும். இருவது வயசுப் பிள்ளைய. சில பேரு பொழைச்சாவ, சில பேரு இல்ல. பொறி வந்த பொறவு அந்த வார்டை மூடிட்டாவ. இப்போ அதுல அரிசி மூடை அடுக்கி வச்சிருக்கு. நான் அந்த வழியா போறப்பல்லாம் ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டுத்தான் போவேன்."

ரோசிட்டா சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. தான் இன்று ஜெயிக்கவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அவளுக்குள் தனித்தனியாகக் கிடந்தன.

மறுநாள் காலை கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் போனாள். சுடலைமணி அங்கேதான் மேற்பார்வையாளன். நீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்பு, பின்முற்றத்தில் குன்றுகளாகக் குவிந்திருந்தது. அவன் ஒரு குன்றின் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"கெழக்கு வாயிலை ஏன் மணி தெறந்துபோட்ட?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நேற்றைய சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"யாரு சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் தெறக்கல. கை தெறந்துச்சு."

"பொறி தெறந்துச்சுன்னு சொல்லு."

"அந்த வித்தியாசம் ஆடுதவனுக்குத் தெரியாது ஜெசி. அது தெரியாம பாத்துக்கிடுறதுதான் அதோட வேலையே."

"எனக்கு நெசமா ஆடணும்."

"நெசமாத்தான ஆடுதோம்."

"வெறுங்கையில."

சுடலைமணி டீயை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான். வெறுங்கை ஆட்டம் என்று பழைய விதி ஒன்று இருந்தது. இரண்டு பேரும் சம்மதித்தால் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுபலகையில் விரலால் ஆடலாம். நரம்பைப் படிக்க வழியில்லாததால் பொறி குறுக்கே வராது. அந்த விதியை யாரும் நீக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் அது தன் பாட்டுக்குக் கிடந்தது.

"எதுக்கு இப்போ? நேத்துத்தான் ஜெயிச்சியே. ஊரே மாலை போட்டுச்சு. அப்படியே விட்டுரு."

"லாம்பு ஒன்னைய ரெண்டு மட்டம் ஜெயிச்சிருக்கான் மணி. லாம்பு!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். பிறகு டம்ளரைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, உப்புக் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவசரப்படுத்தவில்லை. மௌனத்தில் காத்திருக்க டைட்டன் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

"ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கக் கூடாது," என்றான். "ஒன் வடக்குப் பாலத்துல ஏறி வந்தேன் பாத்தியா, அதுதான் நான் நெசமா ஜெயிச்ச கடைசி ஆட்டம். அதுக்குப் பொறவு எத்தனையோ ஜெயிச்சாச்சு. ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல. மனசு சரியில்லாத நாள்ல நான் எடுத்துப் பாக்குறது அந்தப் பாலத்தை மட்டுந்தான். அதையும் நீ வந்து புடுங்கிட்டுப் போயிட்டா, எங்கிட்ட என்ன இருக்கு?"

"ஒனக்கு அது ஞாபகம். எனக்கு அது முள்ளு. பதினாலு வருசமா உள்ளயே நிக்கி. நேத்துப் போயிட்டுன்னு நெனச்சேன், போகல."

"தோத்தா தாங்குவியா?"

"தோத்துப் பாத்தாத்தான தெரியும்."

"நான் தாங்குவேனான்னு எனக்கே தெரியல ஜெசி. அதான் பயமா இருக்கு." அவன் மீசையைத் தடவினான். "சரி. ஞாயித்துக்கெழம வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் கூட்டம் அப்படியே களமனைக்கு வந்துவிட்டது. என்ன நடக்கப்போகிறது என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. கையுறைகளை இரண்டு பேரும் தட்டில் போட்டபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நடுவர் மைக்கைப் பிடித்து, "இரண்டு ஆட்டக்காரர்களும் சுயநினைவோடுதான் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டார். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கேட்பதுபோல் இருந்தது.

ஜெசிந்தாவிடம் பதினான்கு ஆண்டுத் திட்டம் இருந்தது. முதல் வேலையாக வடக்குப் பாலத்தில் தன் சிறந்த காலாட்படையை நிறுத்தினாள். பிறகு குதிரைகளை மேற்கே அனுப்பி உப்புக் கிடங்கைத் தேடினாள். விரல் பலகையில் பட்ட அந்தக் கணமே படை நகர்ந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. போன ஆட்டத்தில் தன் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு மெல்லிய தயக்கம் இருந்ததை, அது இல்லாமல் போன இப்போதுதான் உணர்ந்தாள்.

சுடலைமணி பாலத்தின் பக்கமே வரவில்லை. எங்கேயும் வரவில்லை. அவன் கோட்டைக்குள் இருந்தான், அவ்வளவுதான். இடையில் அவன் யானை ஒன்று வழிதவறிச் சதுப்பில் இறங்கி மூழ்கியது. பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "ஐயோ, யாராவது சொல்லுங்களேன்" என்று கத்திவிட்டாள். ஒரு தவறு அப்படியே தவறாக நடந்து முடிவதை அந்தக் கூட்டம் பார்த்துப் பல காலம் ஆகிவிட்டது. சிலர் தாங்க முடியாமல் வெளியே போனார்கள்.

மேற்கே உப்புக் கிடங்கு காலியாக இருந்தது. ஜெசிந்தா உதட்டைக் கடித்தாள். உப்பைக் கோட்டைக்குள் கொண்டுபோய்விட்டான் என்று கணக்குப் போட்டாள். டைட்டனில் அவள் இடக்கை எப்போதும் அப்படித்தான் செய்யும். முழுப் படையையும் திரட்டித் தெற்கு வாயிலை மோதினாள். வாயில் எளிதாகத் திறந்தது. படை வெள்ளமாக உள்ளே போனது.

உள்ளே யாரும் இல்லை. கிணறு தூர்ந்திருந்தது. அடுப்பு ஆறியிருந்தது. ஒரு பிடி உப்பு இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்புவதற்குள் தெற்கு வாயில் வெளியிலிருந்து சாத்தப்பட்டது. அவள் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, சுடலைமணி தன் ஆட்களையும் உப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுக்குக் கடத்தியிருக்கிறான். இப்போது அவள் அவனுடைய கோட்டைக்குள், அவன் வெளியே, உப்பு அவனிடம். முற்றுகையிட வந்தவள் முற்றுகைக்குள் இருந்தாள். பதினான்கு ஆண்டுகள் அவள் எதிர்த்து ஆடிய சுடலைமணி அவளுடைய இடக்கையில் வளராமலே இருந்துவிட்டான். நிஜமான சுடலைமணிக்கு இதற்குள் வயதாகி, பொறுமை வந்திருந்தது.

இருந்தாலும் விடவில்லை. மூன்று முறை வாயிலை உடைக்கப் பார்த்தாள். குதிரைகள் சோர்ந்தன. காலாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். வாழ்நாளெல்லாம் அவள் மற்றவர்களுக்குச் செய்தது இப்போது அவளுக்கு நடந்தது. கடைசியில் தன் கொடியைத் தானே இறக்கினாள்.

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். முதுகை நிமிர்த்தினாள்.

"தோத்துட்டேன்," என்றாள், கடைசி வரிசைவரை கேட்கும்படி.

அந்தச் சொல்லை அந்தக் கூரை கேட்டுப் பல காலமாகியிருக்கும். 'இந்தமுறை கொஞ்சம் தவறிவிட்டது' என்பார்கள், 'அடுத்தது நம்முடையது' என்பார்கள். இந்தச் சொல் இல்லை. எதிரே சுடலைமணி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜெசிந்தாவுக்கு நெஞ்சில் வலித்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வலித்த அதே இடம். ஆனால் இந்தமுறை அந்த வலியைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. திட்டம் என்னுடையது, பிசகு என்னுடையது, இதை யாரும் எனக்குப் பார்த்துப் பார்த்து ஊட்டவில்லை என்று நினைத்தபோது, மாலை போட்ட அன்றைக்கு வராத ஒரு நிமிர்வு உடம்பெங்கும் ஏறியது. யாரும் கைதட்டவில்லை. கூட்டம் தானாக விலகி அவளுக்கு வழிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை.

பேக்கரிக்காரர் மக்ரூன் பொட்டலத்துக்குக் காசு வாங்க மறுத்தார். "தோத்த அக்காவுக்கு நான் காசு வாங்கவா?" என்றார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். தோற்றபோது எப்படி இருந்தது என்று கண்கள் விரியக் கேட்டார்கள். களமனையில் வெறுங்கை ஆட்டம் வேண்டும் என்று வரிசை நின்றது. ஆடிப் பார்த்தவர்களில் பலர் அடி தாங்காமல் முதல் நாளே கையுறைக்குத் திரும்பினார்கள். இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. ஆனால் ஆசை மட்டும் யாருக்கும் போகவில்லை. அவளைப் போல ஒருமுறை நிமிர்ந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும்.

சமன்பொறியை அமைத்தவர்கள் அதற்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: ஆடுபவரின் மனம் எதில் நிறைகிறதோ அதைக் கொடு. இத்தனை காலம் மனம் வெற்றியில் நிறைந்தது, அதனால் வெற்றியைக் கொடுத்தது. இப்போது கையுறைகளின் வழியே நாடித்துடிப்பு வேறொன்றைச் சொன்னது.

ஒரு சாயங்காலம் லாம்பர்ட் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா! தோத்துட்டேங்கா!"

கண்கள் கலங்கியிருந்தன. முதுகு நிமிர்ந்திருந்தது. வலிக்கிற இடம் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"கையுறை போட்டா ஆடின?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஆமா. ஆனா இது அந்த மாதிரி இல்லக்கா, நெசமாவே தோத்தேன். எதிராளி கோட்டைக்குள்ள நானா போயி மாட்டிக்கிட்டேன். உள்ள ஒரு ஈ காக்கா இல்ல! வெளிய வாயிலைச் சாத்திட்டான். மூணு மட்டம் முட்டிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. ஒனக்கு நடந்த அதே மாதிரி! எந்திரிச்சு நின்னு சொன்னேன் பாரு, எல்லாரும் வழிவிட்டாவ."

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்த பழைய கேடயங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பரணில் போட்டான். ரோசிட்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு நாளைக்கு ஆட்டம் இருக்கு. நான் எப்படித் தோக்கப்போறேனோ தெரியல," என்றாள் ஆசையாக.

அந்தத் தோல்வியும் பொறி கொடுத்ததுதான் என்று சொல்லிவிடலாமா என்று ஜெசிந்தா ஒரு கணம் நினைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது அச்சு அசலாக அவளுடைய பெருமை. வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் சுடலைமணி வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஜெயிச்சவன் நான்," என்றான், உட்காரக்கூட இல்லாமல். "ஊருல ஒரு பய என்னைய மதிக்க மாட்டேங்கான். மக்ரூன்கூட ஒனக்குத்தான் குடுக்கான். என்னையப் பாத்தா, 'பரவால்ல அண்ணாச்சி, ஒங்களுக்கும் ஒருநாள் வரும்'னு தோளைத் தட்டிட்டுப் போறாவ."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அது போகட்டும். ராவும் பகலும் ஒண்ணு கெடந்து அரிக்கி. அன்னைக்கு நம்ம விரல் வச்ச பலகையும் களமனைப் பலகைதான? கையுறை இல்லன்னா பொறி இல்லன்னு யாரு சொன்னா? பொறியைச் செஞ்சவங்கதான சொன்னாவ. ஒனக்கு என்ன வேணும்னு அதுக்குத் தெரிஞ்சிருந்தா? எனக்கு என்ன வேணும்னும் தெரிஞ்சிருந்தா?"

ஜெசிந்தாவின் சிரிப்பு நின்றது. நெஞ்சில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலி இருந்தது. ஆனால் லாம்பர்ட்டும் இதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டினான்.

"பொறி இல்லாத எடம் எங்க இருக்கு?" என்றாள்.

ஆலையின் பின்முற்றத்தில் சிமெண்ட் தரை அகலமாகக் கிடந்தது. சுடலைமணி கரித்துண்டால் ஆறு வரைந்தான், பாலம் வரைந்தான், இரண்டு கோட்டைகள் வரைந்தான். உப்புக் கட்டிகளில் பெரியவை யானைகள், நடுத்தரமானவை குதிரைகள், பொடிக்கட்டிகள் காலாட்கள். விதிகள் இருவருக்கும் மனப்பாடம். கண்ணாடி இல்லை, கையுறை இல்லை, கம்பி இல்லை. இரண்டு பேர், ஒரு தரை. முழங்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் அழகாகத்தான் ஆரம்பித்தது. முதல் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் முழுமூச்சாக மோதினார்கள். பிறகு சுடலைமணி தன் கிழக்கு வாயிலில் இருந்த காவலை எடுத்து வேறு எங்கோ வைத்தான்.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். குதிரையைத் தொட்ட விரல் நின்றது. இப்போது உள்ளே புகுந்து ஜெயித்துவிடலாம். ஜெயித்தால்? இங்கே ஜெயிக்க முடிந்தவள் அங்கே மட்டும் எப்படித் தோற்றாள் என்ற கேள்வி வரும். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியும் லாம்பர்ட்டின் கேடயங்களோடு பரணுக்குப் போய்விடும். மறுபடியும் தோற்றால்தான் அது அவளுடையது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்து அவள் ஈட்டிய ஒரே பொருள் அதுதான். குதிரையை விட்டுவிட்டு, தன் வடக்குப் பாலத்திலிருந்த காலாட்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தாள்.

சுடலைமணி பாலத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்ன ஜெசி, பாலம் காலியா கெடக்கு?"

"ஒன் வாயிலுந்தான் தெறந்து கெடக்கு."

"காத்து வரட்டும்னு வச்சிருக்கேன். உள்ள வா."

"நீ வா மொதல்ல. பழகின பாலந்தான?"

"ஏ, அழுகுணி ஆட்டம் ஆடாத. எனக்கு ஒருமட்டம் நெசமாத் தோக்கணும். நீயாவது எனக்கு அதைக் குடு."

"எனக்குள்ளதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அவன் தன் உப்புக் கிடங்கையும் நகர்த்தி அவள் குதிரைகளின் முன்னால் வைத்தான். அவள் தன் கோட்டையின் நான்கு வாயில் கதவுகளையும் விரலால் அழித்துத் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெயில் சாய்ந்து, உப்புக் குன்றின் நிழல் இரண்டு கோட்டைகளின் மீதும் ஒன்றாக வந்து படிந்தது. அதற்குப் பிறகு ஒரு கட்டிகூட நகரவில்லை. சுற்று வட்டாரத்தில் எங்கும் சமன்பொறி இல்லை. ஆட்டம் சமனில் நின்றது.